அவர் மாத்திரையும் என் நாக்கும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் நாக்குக்குத் தனிப் பெயர் உண்டு. நான் கீழே பிள்ளைக் காம்பராவில் போடுகிற சத்தம் மேல்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கேட்குமாம். "ஆயா வாயத் தொறந்துட்டா, மணி எட்டாச்சு" என்று நேரம் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுப்போகிற இருபத்துநாலு பிள்ளைகளைப் பதினாறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்துநாலையும் வைத்துக்கொண்டு மெல்லப் பேசுகிற ஆயா எங்காவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

அதிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் என் குரல் இன்னும் ஒரு படி ஏறும். பிள்ளைகள் லேசுப்பட்டதுகள் இல்லை. மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "நாக்க நீட்டு" என்பேன். பிறகு "மேல தூக்கு". பிறகு வலது கன்னம், இடது கன்னம். எல்லாம் காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் விளையாட விடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட மாத்திரையை ஒளித்து என்னிடமிருந்து தப்பியதில்லை. தப்பியது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்தை உருட்டுகிற மெஷினோடு முப்பது வருடம் நின்று நின்று, பேச்சையே குறைத்துக்கொண்ட மனிதர். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்று பேசாமலே பழகிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான். ஒரு வகையில் நல்லது. என் பேச்சுக்கு அவரும் பேசினால் எங்கள் ஒற்றைக் காம்பரா தாங்காது.

போன வருடம் பொங்கல் கழிந்து ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், பிள்ளைக் காம்பரா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் அங்கு வந்ததே இல்லை.

"வாயு புள்ள. கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டி குடு" என்றார்.

பொல்பிட்டியப் பக்கத்து மலையெல்லாம் பனி மூடிக் கிடந்த நாள். பிள்ளைகளுக்கு நான் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தேன். இந்த மனிதரின் சட்டை மட்டும் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்ததுபோல் நனைந்திருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வாயுவுக்கு எதற்குக் கையைப் பிடிக்க வேண்டும்?

அன்றைக்கு நான் போட்ட சத்தம் மேல்மலைக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். கொழுந்து லொறி அப்போதுதான் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆபீஸ் ஐயாமாரைக் கேட்காமல் ஆளை ஏற்ற முடியாது என்று டிரைவர் இழுத்தான். "நீ ஐயாவ அப்புறமா கேளு. இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க இருபத்துநாலையும் நீ பாத்துக்க, நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தான். கதவைத் திறந்துவிட்டான். பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் பிள்ளைகளைக் கையளித்துவிட்டு, கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் அவரைச் சாய்த்து வைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் "வாயுதான் புள்ள, வாயுதான்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

வாயு இல்லை, மாரடைப்பு. ஊசி போட்டு, இரத்தக் கட்டியைக் கரைத்து, அந்த நேரத்து ஆபத்தைத் தாண்டவைத்தார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று சொன்னார்கள். என் வாயைப் பற்றி இதுவரை யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அடைப்பு இன்னும் இருக்கிறது, கண்டிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், சின்ன வயது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கையில் படிவத்தோடு வந்தாள். அவளுடைய தமிழ் எங்கள் தமிழ்போல இல்லை, கேட்க இதமாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாலு கேள்வி இருக்கிறது என்றேன்.

"கேளுங்கோ அம்மா, கேக்கத்தானே வேணும்" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்ச வெட்டித் தொறப்பீங்களா?"

"இல்லை அம்மா. கையிலை, இந்த மணிக்கட்டுக்குள்ளாலை மெல்லிய குழாய் ஒண்டு போகும். கை மட்டும்தான் விறைக்கும். ஐயா முழிச்சுக்கொண்டே இருப்பார்."

"அதுல ஆளு போயிர்றது உண்டா?"

கட்டிலில் படுத்திருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை. கேட்காமல் கையெழுத்துப் போட நான் என்ன மண்ணெண்ணெயா வாங்கப் போகிறேன்?

டொக்டர் சிரித்து மழுப்பவில்லை. "பொய் சொல்லமாட்டன். கன பேருக்கு ஒரு கரைச்சலும் வராது. சில பேருக்குக் குழாய் விட்ட இடத்திலை ரத்தம் கசியும், கன்றிப்போகும். அபூர்வமா ஒராளுக்குப் பெரிய பிரச்சினையும் வரலாம். வந்தால் பாக்கிறதுக்கு எல்லாரும் பக்கத்திலேயே நிப்பினம். ஆனால் இதைச் செய்யாமல் ஐயாவை வீட்டை விடுறது அதைவிட ஆபத்து."

"செஞ்சா திரும்ப வராதா?"

"அந்த அடைப்பைத் திறந்துவிடுவம். அவ்வளவுதான் எங்கட வேலை. திரும்ப அடைக்காமல் பாக்கிறது மாத்திரையும் உங்கட சமையலும்."

அப்போது அவர் வாயைத் திறந்தார். "பீலிக் கொழாயில எல அடைச்சா நான்தான் கம்பி விட்டு எடுப்பேன். அது மாதிரிங்களா?" எங்கள் வீட்டு வரிசைக்கு, அதாவது லயத்துக்கு, ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிற குழாயைச் சொன்னார். மாதத்துக்கு ஒரு தடவை அதைச் சுத்தம் பண்ணுவது இவர்தான்.

"அதே மாதிரித்தான் ஐயா. ஆனால் நாங்கள் குத்துறேல்லை. சின்ன பலூன் ஒண்டை ஊதி அடைப்பை விரிச்சுப்போட்டு, வலை மாதிரி ஒரு கம்பிச் சுருளை உள்ளுக்கை வைச்சிட்டு வந்திடுவம்."

"அப்ப சரி" என்று கையை நீட்டிவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. பீலிக் குழாய் என்றால் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போனது.

உள்ளே கொண்டுபோன பிறகு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பக்கத்தில் இருந்த வலப்பனைக்காரப் பெண் ஏதேதோ கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவள் என்னை ஊமை என்று நினைத்திருப்பாள்.

கதவு திறந்து தள்ளுவண்டியில் வந்தார். மணிக்கட்டில் கண்ணாடி வளையல்போல ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. "என் நெஞ்ச நானே டீவியில பாத்தேன் புள்ள. வேரு வேரா ஓடுது" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியே மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "ஒங்களுக்கு என்னா, நல்லா டீவி பாத்துக்கிட்டு படுத்திருந்தீங்க" என்றேன்.

ஊருக்கு வந்ததும் லயமே திரண்டு வந்து பார்த்தது. மோல்ட் சத்துமாப் போத்தலும் பிஸ்கட்டும் குவிந்தன. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "காயம் எங்க?" அவர் மணிக்கட்டைக் காட்டுவார். அங்கே ஒரு புள்ளி இருந்தது. எதிர் வரிசைக் கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நுளம்பு கடிச்ச மாதிரில்ல இருக்கு. இதுக்கா கண்டிக்குப் போனீங்க?" என்றார். வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இன்னும் கொஞ்சம் விட்டால் பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

காயம் சின்னதாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். நெஞ்சில் ஒரு முழத்துக்குத் தையல் இருந்திருந்தால் அவருக்குப் பயம் இருந்திருக்கும். இரண்டு வாரத்தில் பழைய ஆள் ஆகிவிட்டார். மலை ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஸ்டோரில் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது என்பதையே மறந்தார். நான்தான் மறக்கவில்லை. கண்டியில் அந்தப் பிள்ளை கடைசியாகச் சொன்னது என் காதிலேயே நின்றது. "ஒரு வருசத்துக்கு இந்த ரெண்டு மாத்திரையையும் ஒரு நாளும் விடக்கூடாது அம்மா. விட்டால் அந்தச் சுருளிலை ரத்தம் கட்டிப்போடும். பல்லுப் பிடுங்கிறதெண்டாலும் எங்களைக் கேக்காமல் நிப்பாட்டாதேங்கோ."

வெள்ளையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் நான் பிள்ளைகளோடு இருப்பேன். ஆனாலும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பேன். நாளுக்கு ஒன்றாகச் சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அது அட்டைக்கடி.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அட்டைக்குப் பஞ்சமில்லை. கடித்தால் கொஞ்ச நேரம் இரத்தம் வடியும், பிறகு நின்றுவிடும். ஆனால் கண்டியிலிருந்து வந்த பிறகு தோட்டத்து மூலையில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டவர் காலில் ஒரு அட்டை ஏறியது. காலையில் கடித்தது, பிள்ளைக் காம்பரா மூடி நான் வரும்வரைக்கும் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று துணி மாற்றிக் கட்டினேன். பயந்துபோய் கிளினிக்கில் கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ் சிரித்துவிட்டு, இரத்தம் கட்டாமல் இருக்கத்தானே மாத்திரை, அது நன்றாக வேலை செய்கிறது என்றார். அதற்குப் பிறகு அவர் காலில் அட்டை கடித்தால் எனக்கு ஒரு நிம்மதி. இதை வெளியில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

ஆடி பிறந்தது. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அவரும் போய் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். பத்து நாள் விரதம். பால்குடம் எடுக்கப் போவதாகச் சொன்னார். உயிர் பிழைத்த மனிதர், எடுக்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

காப்புக் கட்டிய ஏழாம் நாள், பின்னேரம். மழை விட்டிருந்தது. கோயிலுக்கு வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தவரின் கெண்டைக்காலில் அட்டை ஒன்று உருண்டு திரண்டு தொங்கியது. உப்பு வைத்து எடுத்துவிட்டேன். வழக்கம்போலத் துணி கிழிக்க உள்ளே போனேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அதையும் இறக்கி இரண்டு பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் இரத்தம் நின்றிருந்தது. காய்ந்த பொட்டுப்போல இருந்தது.

கையில் பிளேன்டியோடு அப்படியே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். பிறகு வேப்பிலையை எடுத்து எண்ண ஆரம்பித்தார். வேப்பிலையை யாராவது எண்ணுவார்களா?

"மாத்திர எங்க?" என்றேன்.

"முழுங்கிட்டேன்."

"எங்கன்னு கேட்டேன்."

பதினாறு வருடம் பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வி. பிள்ளைகளைப்போலவே அவர் கண்ணும் ஒளித்து வைத்த இடத்துக்குப் போயிற்று. சுவர்ப் பலகையில் மாரியாத்தா படம். பின்னால் கையை விட்டேன். திருநீற்றுத் தட்டில் ஏழு வெள்ளை, ஏழு இளஞ்சிவப்பு, ஒழுங்காக வரிசையாக இருந்தன.

"ஆத்தாகிட்ட குடுத்து வச்சிருக்கேன் புள்ள. திருவிழா முடிஞ்சதும் எடுத்துக்கலாம்னு."

நான் கத்துவேன் என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள்கூட எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை. கண்டியில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே வறட்சி. என் சத்தம் வராததைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது. அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்த மேசையில படுத்திருந்தப்ப, கம்பி உள்ள போனது தெரியல புள்ள. பலூன ஊதுனாங்க பாரு, அப்ப நெஞ்சு அன்னிக்கு மாதிரியே புடிச்சிருச்சி. முடிஞ்சிதுன்னு நெனச்சேன். ஆத்தா, இந்தக் கம்பி நல்லபடியா வெளிய வந்துட்டா, இந்த வருசத் திருவிழாவுல ஒனக்கு நாக்குல அலகு குத்திக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். சொல்லி முடிக்கல, வலி விட்டுப்போச்சி."

"டொக்டருங்க பலூன எறக்குனாங்க, வலி விட்டுச்சி."

"ரெண்டுந்தான்" என்றார். எனக்கும் அதில் மறுப்பில்லை.

நாக்கில் வேல் குத்தினால் அந்த மாத்திரையோடு இரத்தம் நிற்காதே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோயில் வாசலில் இரத்தம் கொட்டினால் நேர்ந்தது குறைபட்டுப் போகும் என்று பயந்திருக்கிறார். பல்லுப் பிடுங்குவது பற்றி அந்த டொக்டர் சொன்னதை மூளைக்குள் போட்டு உருட்டி, பல்லுக்கு நிறுத்தலாம் என்றால் நாக்குக்கும் நிறுத்தலாம் என்று தானே முடிவெடுத்துவிட்டார். "கேட்காமல்" என்ற வார்த்தையை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

முச்சக்கர வண்டி பிடித்து உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் வயர் ஒட்டி கோடு எடுத்துப் பார்த்தார்கள். நல்ல காலம், ஒன்றும் ஆகியிருக்கவில்லை. டொக்டர் சிங்களவர், நடுத்தர வயது. மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கடுகடுத்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாரயக் மஹத்தயா" என்றார். நேர்த்தி ஒன்று ஐயா என்று அர்த்தம். டொக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்ளாத ஆள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? ஆனால் குரல் இளகவில்லை. அந்தச் சுருளில் இரத்தம் கட்டினால் நேர்த்தியை நிறைவேற்ற நீ இருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டு, அங்கேயே கூடுதலாக மாத்திரைகளை ஒன்றாக விழுங்கவைத்தார். நான் பக்கத்தில் நின்று, "நாக்க நீட்டுங்க" என்றேன். நீட்டினார். "மேல தூக்குங்க." தூக்கினார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், கினிகத்தேனைச் சந்தி தாண்டியதும் மெல்லச் சொன்னார். "மாத்திர முழுங்குறேன். ஆனா ஆத்தாகிட்ட என்னா சொல்றது? கூப்பிட்டேன், வந்தா. இப்பப் போயி அடுத்த வருசம் பாக்கலாம்னு எப்பிடிச் சொல்றது?"

அவருடைய பிரச்சினை மாத்திரை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் சொன்ன சொல் தவறினால் தூக்கம் வராமல் படுத்திருப்பார். இன்றைக்கு விழுங்குவார், நாளைக்கும் விழுங்குவார். நாலு நாளில் வரப்போகிற தேரையும் அலகையும் நினைத்து, அதற்குள் மறுபடி எதையாவது செய்துவைப்பார். நான் பிள்ளைக் காம்பராவில் இருப்பேன்.

வண்டியை நேரே கோயிலடியில் நிறுத்தச் சொன்னேன்.

பூசாரி, என் வயதுக்காரர், தேருக்குச் சோடனைத் துணி தைத்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவரு நேந்த அலக நான் குத்திக்கிட்டா ஆத்தா ஏத்துக்குவாளா பூசாரியண்ணே?" என்று கேட்டேன்.

பூசாரி ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு யோசித்தார். "ஒரு வீட்டு நேர்த்திதானே. புருசன் கையில இருக்குற காப்ப அவுத்து பொஞ்சாதி கையில கட்டலாம். அதெல்லாம் தோசம் இல்ல. ஆனா தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"வலிக்கும்னு தெரியும்ணே."

"வலியக் கேக்கல. ஆத்தங்கரையில குத்துனா கோயிலுக்கு வந்து எடுக்குற வரைக்கும் மூணு மணி நேரம் பேச முடியாது. ஒன்னால முடியுமா?"

கோயிலடி முழுக்கச் சிரித்தது. ஆத்தா சிரித்தாளோ தெரியாது. இவரும் சிரித்தார், மாத்திரை பிடிபட்டதிலிருந்து முதல் தடவையாக. பிறகு சிரிப்பு நின்று, "வேணாம் புள்ள, ஒனக்கு வலிக்கும்" என்றார்.

"ஒங்களுக்கு நெஞ்சு புடிச்சப்ப நான் வெளிய பெஞ்சில குந்திக்கிட்டு இருந்தேன். அந்தப் பங்கு எனக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்றேன். பூசாரி அவர் கையிலிருந்த காப்பை அவிழ்த்து என் கையில் கட்டினார்.

ஆனால் சும்மா ஒத்துக்கொள்ள நான் என்ன ஏமாளியா? கட்டுகிற நேரத்திலேயே ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அவர் ஸ்டோரிலிருந்து நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வர வேண்டும். என் கண் முன்னால் விழுங்க வேண்டும். மறுநாளே வந்தார். சோற்றுக்குக் கை கழுவ வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குக் கடைசியில், இடுப்பளவு உயரத் தலைகளுக்குப் பின்னால், நெடுநெடுவென்று நின்றார். அவர் முறை வந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் இருபத்துநாலும் சேர்ந்து, "தாத்தா, நாக்க நீட்டு" என்று கத்தின. பிள்ளைகளுக்கு அப்படியொரு குதூகலம். எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

திருவிழா நாள் வந்தது. ஆற்றங்கரையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, திருநீறு பூசி, உடுக்கை அடித்தார்கள். பூசாரி என் நாக்கைப் பிடித்து இழுத்து, விரல் நீள வெள்ளி வேலைக் குத்தினார். வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் இரண்டு சொட்டு இரத்தத்தோடு நின்றுவிட்டது. அந்த இரண்டு சொட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லா வலியும் சரி என்றிருந்தது. அவர் நாக்காக இருந்திருந்தால் மூன்று துணி நனைந்திருக்கும்.

ஊர்வலம் லயம் லயமாக மேலே ஏறியது. அவர் எனக்குப் பின்னால் வேப்பிலையும் தண்ணீர்ச் செம்புமாக வந்தார். வழியில் நின்ற கொழுந்துப் பெண்களுக்கு அன்றைக்குப் பெருநாள். "ஆயா, இன்னிக்கு எங்கள ஏசுங்க பாப்போம்" என்று சீண்டினார்கள். எதிர் வரிசைக் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, இந்த அமைதிக்கே ஒனக்கு ஒரு தேங்கா" என்று உடைத்தார். நாக்கில் வேலோடு நான் முறைக்கத்தான் முடிந்தது.

அப்போது ஸ்டோரில் பகல் சங்கு ஊதியது.

மாத்திரை நேரம். மூன்று நாளாகப் பிள்ளைகள் கத்திய நேரம். இன்றைக்குப் பிள்ளைக் காம்பரா பூட்டு. மேளச் சத்தத்தில் இவருக்குச் சங்கு கேட்டிருக்குமா? திரும்பிப் பார்த்தேன். தேரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கையைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. கையை உயர்த்தி வாயைத் தொட்டுக் காட்டினேன், தலையை ஆட்டினேன், காலை உதைத்தேன்.

ஆத்தா வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். மேளம் இரண்டு மடங்கு வேகமாயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் நடக்கும் என்று கேட்டாள். நான் கையை ஆட்ட ஆட்ட உடுக்கை உச்சத்துக்குப் போனது. பூசாரி ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். மாத்திரை, மாத்திரை என்று நெஞ்சுக்குள் கத்துகிறேன். வாயில் வேல் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசித் தீர்த்த எனக்கு, தேவைப்பட்ட ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவசரமே படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசி மடிப்பை எடுத்தார். வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. வாயில் போட்டு, செம்புத் தண்ணீரை ஊற்றி விழுங்கினார். பிறகு அத்தனை மேளத்துக்கும் அத்தனை பேருக்கும் நடுவில், ஐம்பத்தெட்டு வயது மனிதர், நான் கேட்காமலே நாக்கை நீட்டினார். மேலே தூக்கினார். வலது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். இடது கன்னத்தையும் காட்டினார். காலி.

வேல் குத்திய என் நாக்கும் வெளியே, காலியான அவர் நாக்கும் வெளியே. அப்படியே நின்றோம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஆத்தா அழுகிறாள் என்று பூசாரி இன்னும் ஒரு பிடி திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.